சரண்யாதேவி உயரம் பார்த்த மாப்பிள்ளை

செந்திலாண்டவன் துணை

மில்லர்புரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி நயினாருக்கு அக்கா முத்துக்கனி எழுதுவது. இங்கே என் மூட்டுவலி உள்பட யாவரும் சௌக்கியம். நீயும் பிரேமாவும் அப்படியே இருக்க முருகன் அருளட்டும். போனில் சொன்னால் நடுவில் கத்துவாய், ஆகையால் கடிதம்.

நீ கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டார் நேற்று என் இளைய மகள் இந்துமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் என் பேத்தி சரண்யாதேவியின் இங்கிலீசைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புதான். அஞ்சாம் வகுப்பு படித்த நான் வாய் பிளந்து நிற்கிறேன். ஹார்பரில் கப்பலைக் காட்டி ‘பிக்’ என்கிறாள். பக்கத்தில் அதைவிடப் பெருசு நின்றால் ‘பிக்கர்’. மூணு கப்பலாவது சேர்ந்து நின்னாத்தான் ‘பிக்கஸ்ட்’டாம். சொல்லுக்கு ஒரு வால ஒட்டினா கப்பலே வளந்துருது, தம்பி!

மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் வந்து உக்காந்தாரு. நீ சொல்லித் தந்தபடியே, ‘முதமுதல்ல உங்களுக்குத்தான் பொண்ணக் காட்டுதோம்’னேன். எல்லாருக்கும் சொல்லுததுதானே. அவங்கம்மாவும், ‘நாங்க பாக்குத முதப் பொண்ணும் இதுதான்’னா. பெறவு, ‘பாப்பா இங்கிலீஷ் பேசுவியா?’ன்னு கேட்டுட்டா. ‘ஏளா, ஆச்சிக்குப் பேசிக் காட்டு’ன்னேன். புள்ள கையக் கட்டிக்கிட்டு, மாப்பிள்ளைய மேலயும் கீழயும் பாத்து, ‘திஸ் அங்கிள் இஸ் ஷார்ட்டர் தேன் லாஸ்ட் வீக் அங்கிள்’னு கோயில் மணி மாதிரி சொல்லுதா. எனக்குப் புல்லரிச்சிட்டு. கைதட்டி, ‘இன்னொருக்க சத்தமாச் சொல்லு’ன்னேன். சொன்னா. பஜ்ஜி கடிச்ச வாயெல்லாம் அப்படியே நின்னு போச்சு. அவங்க போன பெறவு இந்துமதிதான் அழுதுக்கிட்டே அர்த்தம் சொன்னா: போன வாரம் வந்த அங்கிளவிட இந்த அங்கிள் குட்டையாம்! இவளுக்கோ இவரத்தான் பிடிச்சிருக்கு.

நீ போயி அவங்க கால்ல விழுந்தாவது சரி பண்ணு. போன வாரம் வந்தவன் கேபிள் ரிப்பேர்காரன்னு சொல்லு. இனி விருந்தாளி முன்னால இந்தப் புள்ள இங்கிலீஷ் பேசாது, சத்தியம்.

உன் வீட்டில் பாலும் பழமும் நிறைய ஆசீர்வாதம்.

அக்கா முத்துக்கனி

பி.கு.: கவர் ஒட்டுதேன், மாப்பிள்ளையே போன் பண்ணுதாரு. சிரிப்புல பேச்சே வரல. ‘பாப்பாட்ட சொல்லுங்க அத்த, நான் பாத்ததுல இந்துமதிதான் பெஸ்ட்’ங்காரு. சம்மதமாம்! நீ யார் கால்லயும் விழ வேண்டாம். சரண்யாதேவி கல்யாணத்துல மைக்குலயே இங்கிலீஷ் பேசட்டும். ஆனா ஒண்ணு. பெஸ்டுன்னா மூணு கப்பலாவது நிக்கணுமே? அந்தப் பய எத்தன வீட்டு பஜ்ஜி தின்னான்னு விசாரிச்சு எழுது.