பெரிய தலை

மகளின் கண்ணாடி மறுபடியும் கால் விரித்துக்கொண்டு வந்திருந்தது.

கண்ணாடிக்காரர் அதைக் கடை மேசை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் மாட்டும் கம்பிகள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. வலது பக்கத் திருகு பாதி கழன்று எட்டிப் பார்த்தது. மூக்கில் உட்காரும் பட்டைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டது போல ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. தன் கடையில், தன் கையால், பெற்ற மகளுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த கண்ணாடி. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை இந்தக் கோலம்.

"என்ன ஆச்சு பாப்பா?"

"கீழ விழுந்துடுச்சுப்பா."

"எப்படி விழுந்துச்சு?"

"கீழதான் விழுந்துச்சு."

நாலாம் வகுப்புப் பிள்ளை சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் கண்ணாடி இல்லாமலே கடகடவென்று படித்தாள். தூரத்தில் இருப்பதெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரியும். புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் எழுத்து கலங்கும், தலைவலி வரும். கண்ணாடி அதற்காகத்தான்.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காலை முதல் மாலை வரை ஊசி குத்திப் பழகியதால் எதற்கும் லேசில் பதறமாட்டாள்.

"விழுந்த கண்ணாடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடியில கீறல் விழும். இதுல ஒரு கீறல் இல்ல. கம்பி மட்டும் விரிஞ்சிருக்கு. இதை யாரோ மாட்டியிருக்காங்க. நம்ம பாப்பாவை விடப் பெரிய தலை உள்ளவன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"யாராவது ஆசைக்குப் போட்டுப் பார்த்திருப்பாங்க. பசங்கன்னா அப்படித்தான்."

"ஆசைக்குப் போட்டா ஒரு தடவை போடுவான். மூணு தடவையா? பிடுங்கியிருக்கான். நம்ம பொண்ணு அழுதிருக்கா. அவன் அதை மாட்டிக்கிட்டு ஆடியிருக்கான். பத்துப் பேர் சுத்தி நின்னு சிரிச்சிருக்காங்க."

"நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?"

கண்ணாடிக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. "நான் சொல்றேன் பாரு, இதுல ஒரு பெரிய தலை சம்பந்தப்பட்டிருக்கு" என்றார்.

அவருக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. அவரும் அந்த வயதில் தடிக் கண்ணாடி போட்டவர்தான். 'சோடாபுட்டி' என்ற பெயர் பள்ளி முடியும்வரை அவரை விட்டுப் போகவே இல்லை. சொந்தப் பெயரை ஆசிரியர்களே மறந்துபோனார்கள். தன் மகளுக்கு அப்படி ஒன்று நடக்க விடுவதில்லை என்று இருட்டில் சபதம் எடுத்தார்.

மறுநாள் கண்ணாடியை நிமிர்த்தி, பந்து விளையாடுகிறவர்கள் போடுவது போல ஒரு ரப்பர் பட்டையைப் பின்பக்கம் மாட்டிக் கொடுத்தார். "இனிமே எவனும் இதைப் பிடுங்க முடியாது."

சாயங்காலம் கண்ணாடி வந்தது. பட்டை பூசணிக்காய்க்கு மாட்டிக் கழற்றியது போலத் தொளதொளவென்று தொங்கியது.

"இதுவும் கீழ விழுந்துச்சா?"

"ஆமாப்பா."

கண்ணாடிக்காரர் கடையை மூடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

சின்னப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியைதான் நாலாம் வகுப்புக்குக் கணக்குப் பாடமும் எடுப்பார். ஐம்பது வயதிருக்கும், பார்த்தால் சொல்ல முடியாது. தலைமுடி ஒன்றுகூட வெளுக்காமல், புடவை மடிப்பு கலையாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் எழுதிக் கொண்டுபோன புகாரை நீட்டினார். அவர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நீங்க வாயால சொல்லுங்க. பெத்தவங்க மனசு பேப்பர்ல வராது" என்றார். கண்ணாடிக்காரர் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலைமையாசிரியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "என் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சீண்டுறதா? நடக்கவே நடக்காது. இன்னிக்கே சீண்டல் ஒழிப்புக் குழு அமைக்கிறேன். நானே தலைவர். பையன் பேரைச் சொல்லுங்க."

"பேர் தெரியாதுங்க மேடம். தலை அளவு தெரியும்."

தலைமையாசிரியை தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அதை வச்சு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்றார் மெதுவாக.

கண்ணாடிக்காரர் அதற்கும் வழி வைத்திருந்தார். அந்த வாரமே நாலாம் வகுப்புக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் படிப்பது சரியா தப்பா என்றுகூடக் கவனிக்காமல், ஒரு பக்க நெற்றிப் பொட்டிலிருந்து மறுபக்க நெற்றிப் பொட்டுக்கு அளவுகோலை வைத்துத் தலையை அளந்தார். எல்லாம் சுண்டைக்காய்த் தலைகள். மனம் சோர்ந்துவிட்ட நேரத்தில், கடைசியாக ஒரு பையன் வந்து உட்கார்ந்தான்.

அளவுகோல் போதவில்லை.

"அம்மாடி! எவ்வளவு பெரிய தலை!"

பத்து வருஷமாகத் தேடிய பொருள் கிடைத்தது போன்ற சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பையன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி போட்டுப் பார்க்கணும்னு உனக்கு ஆசையா?" என்று குழைந்து கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ஆமா அங்கிள். புக்குல எழுத்தெல்லாம் எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

பின்பாதியைக் கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. முன்பாதியே வாக்குமூலம்தான். நேரே போய்த் தலைமையாசிரியையிடம் பையனைக் காட்டிக் கொடுத்தார்.

"அவனா? அவன் பூனைக்குட்டி மாதிரி இருப்பானே!" என்றார் தலைமையாசிரியை.

"பூனைதான் மேடம் சத்தம் போடாம வரும்."

தலைமையாசிரியை யோசித்தார். "அவசரப்பட வேண்டாம். விசாரிப்போம். அதுவரைக்கும் இடைவேளை நேரத்துல உங்க பொண்ணு என் ரூம்லயே இருக்கட்டும். எந்தப் பையன் கிட்ட வர்றான்னு பார்த்துடறேன்."

கண்ணாடிக்காரர் கைகூப்பிவிட்டு வந்தார். வீட்டில் மகள் அழுதாள்.

"அவன் என் ஃப்ரெண்டுப்பா! தினமும் எனக்குப் பென்சில் சீவித் தருவான்பா!"

"மிரட்டி வச்சிருக்கான் பாத்தியா" என்றார் மனைவியிடம்.

"பென்சில் சீவியா?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. மூன்றாம் நாள், ஒரு பெண் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தலையில் மஞ்சள் தொப்பி, உடம்பில் சிமெண்டுத் தூசி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிரேன் ஓட்டுபவர். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்.

"கண்ணாடிக் கடைக்காரர் நீங்கதானா?"

"ஆமாங்க. உங்களுக்குக் கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?"

"பத்து மாடி உசரத்துல இருந்து கீழ கிடக்கிற ஆணி தெரியும் எனக்கு. நான் அந்தப் பெரிய தலையோட அம்மா."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த துடைக்கும் துணியைக் கீழே போட்டார்.

"நீங்க சொன்ன பேரு பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிப்போச்சு. ஒண்ணாங்கிளாஸ் பொடிசு கூட 'பெருந்தலை, பெருந்தலை'ன்னு கத்துதாம். மூணு நாளா என் பையன் ஸ்கூலுக்குப் போகல. போர்வைக்குள்ள படுத்திருக்கான். தலையைச் சின்னதாக்க மாத்திரை இருக்காம்மான்னு கேக்கறான். நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"இல்லீங்க… அவன் என் பொண்ணோட கண்ணாடியை…"

அந்த நேரம் பார்த்து மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் கண்ணாடி இருந்தது. இடது கண் ஒரு கையில், வலது கண் இன்னொரு கையில்.

"கீழ விழுந்துடுச்சுப்பா" என்றாள்.

கிரேன் ஓட்டும் அம்மா கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "என் பையன் வீட்ல படுத்துக்கிட்டே இங்க வரைக்கும் கையை நீட்டிட்டான் போல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவு மணி மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவரைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தியது. அதில் சோடாபுட்டி உட்கார்ந்திருந்தான். சோடாபுட்டி என்று பெயர் வைத்தவனும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

"பாப்பா, அந்தப் பையன் வீடு உனக்குத் தெரியுமா?"

போனார். போர்வைக்கு வெளியே தெரிந்த முழங்காலைத் தொட்டு, "அங்கிள் தப்பு பண்ணிட்டேன்டா. மன்னிச்சுக்கோ" என்றார். போர்வை அசையவில்லை. "புக்குல எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னியே. வா, சரி பண்ணிடலாம்" என்றார். போர்வை மெல்ல விலகியது.

கடைக்கு அழைத்துவந்து, இந்தத் தடவை ஒழுங்காகக் கண்ணைப் பார்த்தார். பையனுக்கும் மகளைப் போலவே கிட்டத்தில்தான் கோளாறு. கடையிலிருந்த சிறுவர் பிரேம் ஒன்றும் அவனுக்குப் பொருந்தவில்லை. பெரியவர்களுக்கான அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே அழகான ஒரு கறுப்பு பிரேமை எடுத்து மாட்டினார். கனகச்சிதமாக உட்கார்ந்தது. பையன் புத்தகத்தைப் பிரித்தான். ஒரு பக்கம் படித்தான். அடுத்த பக்கம் படித்தான். பிறகு புத்தகத்தை மூடாமலே சிரித்தான்.

"காசு எவ்வளவு?" என்று விறைப்பாகக் கேட்டார் கூட வந்திருந்த அவன் அம்மா.

"என் மானத்தை விடக் கம்மிதாங்க. வேண்டாம், விடுங்க" என்றார் கண்ணாடிக்காரர். அவர் முகத்திலும் ஒரு வழியாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மறுநாள் தலைமையாசிரியை இரண்டு குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தார். அறையில் எல்லோரும் இருந்தார்கள். கண்ணாடிக்காரர் குற்றவாளி போல ஓரத்தில் நின்றார். அவர் மனைவி, இன்னொரு ஊசி குத்தும் வேலை மிச்சமிருப்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேன் ஓட்டும் அம்மா மஞ்சள் தொப்பியை மடியில் வைத்திருந்தார். புதுக் கண்ணாடியோடு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மகள், கண்ணாடி இல்லாமல். அவளுடையது இரண்டு துண்டாகக் கடையில் கிடந்தது.

"ரெண்டு பக்கமும் பேசிச் சமாதானம் ஆயிட்டதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்று தொடங்கினார் தலைமையாசிரியை. "ஆனா உங்க பொண்ணு கண்ணாடியை உடைக்கிறது யாருன்னு இன்னும் தெரியல. சீண்டல் ஒழிப்புக் குழு ஓயாது. அந்த ஆளைக் கண்டுபிடிச்சே தீருவேன்."

"அதுதாங்க மேடம் எனக்கும் வேணும்" என்றார் கண்ணாடிக்காரர் உருக்கமாக.

அலுவலக உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சமாதானக் குறிப்புங்க மேடம். வாசிச்சுக் காட்டிட்டீங்கன்னா எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாம்."

தலைமையாசிரியை தாளை எடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு கை எட்டும் தூரத்துக்குத் தள்ளினார். கை போதாமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

மகள் தவிப்போடு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது பையன் எழுந்தான். தன் புதுக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மேசைக்குப் போய் நீட்டினான்.

"இனிமே தினமும் என்னுதைப் போட்டுக்குங்க மேடம். இது பெரிய தலைக்குச் செஞ்சது, அவளோடது மாதிரி உடையாது."