காக்கித் தாளில் கல்லறைப் புகழ்

உலக நிர்வாக வரலாற்றைப் பொன்னெழுத்தில் பொறிப்பதா, கல்லெழுத்தில் பொறிப்பதா என்று அறிஞர்கள் இனிமேல் குழம்ப வேண்டியதில்லை. குடிநீர் அலுவலகத்தின் புதிய இணைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் அதை ஆந்தையும் பாம்புமாக வரைந்தே முடித்துவிட்டார். பல்லாயிரம் மைல் தள்ளி, பல நூறு ஆண்டுகளாகச் செத்துக் கிடந்த எகிப்தியச் சித்திர எழுத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் அவர். தம் மேஜைக்கு வந்த மனு எதற்கும் அப்படி உயிர் கொடுத்ததில்லையே என்று சிலர் முணுமுணுப்பார்கள். பொறாமைக்காரர்கள்.

எல்லாம் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கியது. ஆணையர் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்த் திரும்பியதும் ‘பணியாளர் மனவள மேம்பாட்டுத் திட்டம்’ பிறந்தது. ஒவ்வொருவரும் ஒரு ‘ஆத்ம திருப்தி’ தரும் கலையைக் கற்று, மனவள நாளன்று சபையில் காட்ட வேண்டும். புகார்ப் பிரிவு முழுவதும் சிரிப்புப் பயிற்சியில் சேர்ந்தது. புகார் கொடுக்க வந்தவர்கள் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போனதில், புகார்கள் பாதியாகக் குறைந்தன. திட்டம் வெற்றி என்று ஆணையர் அறிவித்தார்.

கண்காணிப்பாளர் தீர ஆலோசித்தார். பாட்டு என்றால் சுருதி தப்பும், ஓவியம் என்றால் பார்க்கிறவனுக்குக் கண் இருக்கும். சித்திர எழுத்து ஒன்றில்தான், தப்பாகச் செய்தாலும் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. இருபத்தெட்டு ஆண்டு அலுவலக அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஞானம் அது.

சனிக்கிழமை காலைகளில் அருங்காட்சியகத்தின் பின்னறையில் வகுப்பு நடந்தது. ஆசிரியைக்கு அவர் மகள் வயதிருக்கும். சுண்ணக்கட்டியால் ஒரே இழுப்பில் கழுகு வரைந்துவிடுவார். முதல் நாளே அடிப்படை விதியைச் சொன்னார்.

“முதல்ல முகத்தைப் பாருங்க சார். ஆளு, பறவை, மிருகம் எல்லாமே வரி எங்க ஆரம்பிக்குதோ அந்தப் பக்கமாத்தான் பார்த்துக்கிட்டிருக்கும். அதுங்க முகத்துக்கு நேரா போய் நின்னுதான் நாம படிக்கணும். முதுகுப் பக்கமா போனா ஒண்ணும் புரியாது.”

கண்காணிப்பாளர் ‘முகத்துக்கு நேராக’ என்று குறிப்பேட்டில் எழுதி, மூன்று முறை அடிக்கோடிட்டார். அலுவலகத்தில் அவருடைய நாற்காலி கவுன்டருக்குப் பக்கவாட்டில் போடப்பட்டிருந்தது. அங்கே பொதுமக்கள் கண்டது அவருடைய வலது காதை மட்டும்தான்.

படிப்பதைவிட வரைவது கடினமாக இருந்தது. முதல் ஆந்தையை அவர் சாப்பாட்டு மேஜையில் காயவைத்தபோது மனைவி எட்டிப் பார்த்தார்.

“என்னங்க இது, குக்கரா?”

“ஆந்தை.”

“மூக்கு இருக்க வேண்டிய இடத்துல விசில் இருக்கே.”

“நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஆந்தை இப்படித்தான் இருந்திருக்கும்.”

“குக்கரும் இருந்திருக்கும் போல,” என்று சொல்லிவிட்டு மனைவி அதன் மேல் சூடான பாத்திரத்தை வைத்தார்.

ஆனால் ஒன்று மட்டும் அவர் கைக்குத் தானாக வந்தது. நீர். நெளிநெளியாக ஒரு கோடு, அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே மூன்றாவது. ஆசிரியையே அசந்துபோனார். “தண்ணி ரொம்ப இயல்பா வருது சார் உங்களுக்கு.” துறை அப்படி என்று கண்காணிப்பாளர் அடக்கமாகத் தலை குனிந்தார்.

இரண்டாம் வாரம் ஆசிரியை ஒரு பெரிய வேலை கொடுத்தார். அந்தக் காலத்து அதிகாரிகள் தங்கள் கல்லறைச் சுவரில் தங்கள் பெருமையை எழுதிவைப்பார்களாம். பசித்தவனுக்கு உணவு கொடுத்தேன், தாகித்தவனுக்கு நீர் கொடுத்தேன், படகில்லாதவனுக்குப் படகு கொடுத்தேன் என்று போகுமாம். அதே பாணியில் ஒவ்வொருவரும் தன் புகழை ஏழு வரியில் எழுத வேண்டும்.

“செத்த பிறகு யார் மேடம் எழுதுவாங்க?” என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

“உயிரோட இருக்கும்போதே அவங்களே சொல்லி எழுத வச்சுக்குவாங்க சார்.”

நிர்வாகம் என்றால் அது நிர்வாகம் என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. பெயரைச் சுற்றி நீள்வட்ட வளையம் போடும் வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டதும் இன்னும் சிலிர்த்தது.

“அது அரசர்களுக்கு மட்டும் சார்.”

“பிரிவுக் கண்காணிப்பாளருக்கு விதிவிலக்கு ஏதாவது?”

“இல்ல சார். மேலிடத்திலிருந்து வந்தாத்தான் வளையம்.”

அவர் மனம் தளரவில்லை. மாதத்துக்கு ஒரு வரி என்று திட்டமிட்டார். வரிகளை மனைவியிடம் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவதும் நடந்தது.

“படகில்லாதவனுக்குப் படகா? நம்மகிட்ட ஏதுங்க படகு?”

“பக்கத்து வீட்டுக்காரரை ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போனேனே.”

“சரி. ‘என் மேல் கோபத்தோடு உறங்கப் போனவர் எவரும் இல்லை’ன்னு போட்டிருக்கீங்களே, நேத்து நான் எப்படிப் படுக்கப் போனேன்னு நினைக்கிறீங்க?”

“நீ உறங்கவே இல்லையே, விடிய விடிய முழிச்சுக்கிட்டுத்தானே கிடந்தே. வாசகம் சரிதான்.”

இனித் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளில் வரைந்தால் எகிப்தின் களை வரவில்லை. அவர் ஏங்கிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, கவுன்டர் வழியாக ஒரு மனு நீண்டது. கெட்டியான காக்கித் தாள். பழுப்பு நிறம், மெல்லிய சொரசொரப்பு. பல நூற்றாண்டு மணலுக்கடியில் கிடந்து எழுந்து வந்தது போல இருந்தது.

“இந்தத் தாள் எங்கம்மா கிடைச்சுது?” என்று வலது காதைத் திருப்பாமல் கேட்டார்.

“கடைல சார். நான் தையல் வேலை பார்க்கிறேன். ரவிக்கை அளவு வெட்டிக்க வாங்குறது. வீட்டுக்குத் தண்ணி இணைப்பு கேட்டு எழுதியிருக்கேன்.”

“நல்ல தாள். அடுத்த தடவையும் இதிலேயே எழுதுங்க.”

“அடுத்த தடவையா சார்?”

காகிதச் சிக்கன ஆணை அமலில் இருந்தது: ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளின் மறுபக்கத்தைப் பயன்படுத்துக. ஆணையை மீறி அவருக்குப் பழக்கமில்லை. மாலை அந்தத் தாள் அவர் பையில் வீட்டுக்குப் போனது. முதல் வரி அதில் ஏறியது. குக்கர்கூட அந்தத் தாளில் ஆந்தையாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் அதே குரல் கவுன்டரில் கேட்டது. “என் மனு என்னாச்சு சார்?”

“கோப்புல காணோம்மா. புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க.”

கண்காணிப்பாளர் பணிக்காலத்தில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. மனு கோப்பில் இல்லைதான். இரண்டாவது தாளும் வந்தது, அதன் முதுகில் ‘தாகித்தவனுக்கு நீர் கொடுத்தேன்’ என்ற வரி, மூன்று அழகிய நெளிகோடுகளோடு ஏறியது. மூன்றாவது வந்தது. நாலாவது வந்தது. ஐந்தாவதைக் கொடுக்கும்போது தையல்கார அம்மா மெதுவாகக் கேட்டார்.

“போன தடவை உங்க கையிலதானே சார் குடுத்தேன்?”

“என் கையில குடுத்தீங்க. கோப்புக்குக் குடுத்தீங்களா?”

இதற்குப் பதில் சொல்ல ஒரு தையல்காரிக்கு எங்கே தெரியப்போகிறது. அவர் ஆறாவதையும் ஏழாவதையும் கொடுத்தார். புகழும் ஏழு வரியில் நிறைவுற்றது.

ஆசிரியை தாள்களை வாங்கிப் புரட்டினார். “பின்னாடி ஏதோ எழுதியிருக்கே சார்.”

“அலுவலகக் கழிவுத் தாள் மேடம்.”

“பரவாயில்ல. அந்தக் காலத்து எழுத்தர்களும் பழைய ஏட்டோட முதுகுல எழுதினவங்கதான்.”

மரபு தம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று கண்காணிப்பாளர் புரிந்துகொண்டார். ஏழு தாளையும் வரிசையாகத் துணியில் தைத்துச் சுருளாக்கினால் நிஜமான ஏடு போலவே இருக்கும் என்றார் ஆசிரியை. அருங்காட்சியகத்துக்குத் திரைச்சீலை தைத்துத் தரும் ஒரு அம்மாவிடம் தாமே கொடுத்துவிடுவதாகவும், மனவள நாளன்று சுருள் நேராக அரங்குக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்.

வந்தது. சிவப்பு நாடாவால் கட்டிய அழகான சுருள். முன்வரிசையில் ஆணையர், அவருக்குப் பின்னால் சிரிப்புப் பயிற்சி பெற்ற பிரிவு, ஓரத்தில் புதுப்புடவையில் மனைவி. கண்காணிப்பாளர் மேடையேறி, கலையும் கடமையும் ஒன்றென்று கால் மணி நேரம் பேசினார். பிறகு ஆணையரே ஒரு முனையைப் பிடிக்க, அலுவலகத் தட்டச்சர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடக்க, சுருள் மேடை முழுவதும் விரிந்தது.

“அட, நம்ம எழுத்து மாதிரியே இருக்கே,” என்றார் ஆணையர் வியந்து. “எகிப்து இவ்வளவு சுலபமா? எங்க, வாசிங்க பார்ப்போம்.”

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஆந்தை இல்லை. பாம்பு இல்லை. ஏழு மாதமாகத் தம் கையில் இருந்தும் அவர் ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்காத பக்கம் அது. ஆணையர் சொன்ன பிறகு படிக்காமல் இருக்க முடியாது. படித்தார்.

“‘ஐயா, தெருக்கோடிக் குழாயிலிருந்து மூன்றாம் மாடிக்குத் தினமும் பதினெட்டுக் குடம் தூக்குகிறோம். நாங்கள் ஆறு பேர். என் மாமியாரும் முழங்கால் வலியோடு ஒரு குடம் தூக்குகிறார்.’”

அடுத்த தாளும் அப்படியேதான் இருந்தது. மூன்றாவதும். நாலாவதில் ஒரு வரி கூடியிருந்தது.

“‘மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் துணிகளை அலச மட்டும் நாலு குடம் வேண்டும். நாங்கள் ஆறு பேர்.’”

ஐந்து, ஆறு. தண்ணீர் கேட்கலாமா என்று பார்த்தார், கேட்க வாய் வரவில்லை. ஏழாவது மனு மிகவும் சிறியதாக இருந்தது.

“‘ஐயா, எங்களுக்கு இணைப்பு வேண்டும். நாங்கள் ஐந்து பேர்.’”

சிரிப்புப் பயிற்சிக்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை.

“அப்போ எகிப்து எழுத்து எங்க?” என்றார் ஆணையர்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். முகம் புதிதாக இருந்தது. குரலைக் கண்காணிப்பாளருக்கு நன்றாகத் தெரியும்.

“பின்பக்கம் இருக்குது சார். எது முன்பக்கம், எது பின்பக்கம்னு யாரும் சொல்லலை. எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்தை முன்னால வச்சுத் தைச்சேன். பிரிக்க முடியாது, கெட்டித் தையல்.”

ஆணையர் சிவப்பு மையை வரவழைத்தார். விளக்கம் கேட்கும் குறிப்பை மேடையிலேயே எழுதி, கண்காணிப்பாளரின் பெயரைச் சுற்றி ஒரு வளையம் போட்டார். நீள்வட்டம், பிசிறில்லாமல் இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த வளையம்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது மனைவி சொன்னார்: “திங்கக்கிழமை காலையில அந்த அம்மா வீட்டுக்கு நீங்களே போங்க. மூணு மாடியும் ஏறிப் போங்க.”

போனார். குழாயும் மூன்றாம் மாடிக்குப் போனது.

ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்பது ஆணை. மாண்புமிகு ஆணையர் அவர்களே, மேலே கண்டதே என் விளக்கம். ‘நான்’ என்று எழுதாமல் ‘அவர்’ என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். முகத்துக்கு நேராக நின்றுதான் படிக்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். என் முகத்துக்கு நேராக நிற்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. புதுத் தாளில்தான் எழுதியிருக்கிறேன். மறுபக்கம் காலியாக இருக்கிறது.

கல்லறைப் புகழின் இரண்டாம் வரியில் மட்டும் ஒரு திருத்தம் செய்ய அனுமதி வேண்டுகிறேன். ‘தாகித்தவனுக்கு நீர் கொடுத்தேன்’ என்பதைப் பின்வருமாறு திருத்திப் படிக்கவும்: தாகித்த ஆறு பேரில், ஐந்து பேருக்கு நீர் கொடுத்தேன்.