டபுள் விசில் கண்டக்டர்

நீலகிரியிலிருந்து வெளிநாடு போனவர்களில், அங்கே ஒரு கோட்டையையோ அரண்மனையையோ திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆட்டுப்புழுக்கை கிடக்கும் கால்பந்து மைதானங்களை மட்டுமே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அவர் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன் நான்.

கண்டக்டர் குன்னூரில் எங்கள் தெருக்காரர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. என் மகன் அருளும் அவர் மகள் ஷீலாவும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது அந்தப் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தோம். தெருவில் பாதிப் பேர், "பொண்ணோட அப்பா யாருங்க? வெளியூருங்களா?" என்று கேட்டார்கள். அதோடு அந்தப் பெயரை மறுபடி மடித்து உள்ளே வைத்துவிட்டோம்.

ஊட்டியிலிருந்து சோலூர் போகிற பஸ்ஸில் பல வருடம் இருந்தார். வழியில் ஒரு வளைவுக்குக் கீழே பந்தாடுகிற மைதானம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தால் அந்த வளைவில் பஸ் தானாக நிற்கும். டிரைவரும் பந்துப் பைத்தியம். கேரட் மூட்டையோடு போகிறவர்கள் சத்தம் போடுவார்கள்.

"ஏனுங்க கண்டக்டர், வண்டி ரிப்பேருங்களா?"

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. ஒரு கார்னர் கிக் பாக்கி இருக்குது. அடிச்சதும் போயிரலாமுங்க."

அவர் கையில் ஒரு விசில் இருக்கும். ஒற்றை விசில் ஊதினால் பஸ் நிற்க வேண்டும், இரட்டை விசில் ஊதினால் கிளம்ப வேண்டும். இது எல்லாக் கண்டக்டர்களுக்கும் உள்ள வழக்கம்தான். மழை விட்டும் தூவானம் விடாத மாதிரி, ரிட்டயர் ஆன பிறகும் அந்த விசில் மட்டும் அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. மைதானத்தில் நம்மூர் ஆள் பந்தோடு முன்னேறினால் கரையில் நின்று "பீப் பீப்!" என்று இரட்டை விசில் கொடுப்பார். போ, நிற்காதே என்று அர்த்தம். நம்மூர் ஆட்டக்காரர்களுக்கு நடுவர் விசில் எது, கண்டக்டர் விசில் எது என்பது தாய்ப்பால் குடித்த காலத்திலிருந்தே தெரியும். நடுவருக்கும் தெரியும். யாரும் நிற்க மாட்டார்கள்.

அருளும் ஷீலாவும் வேலை கிடைத்து ஸ்காட்லாந்து போனார்கள். பேரன் பிறந்ததும் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். நான் கோட்டைகளைப் பற்றிப் படித்துக்கொண்டு போனேன். கண்டக்டர் டீயில் தொட்டுத் தின்ன ஒரு மூட்டை ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் ஒரு மங்கி குல்லாவும் எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் சனிக்கிழமை அருள் ஆசையோடு, "மாமா, பெரிய ஸ்டேடியத்துல டிக்கெட் எடுத்துத் தரட்டுங்களா?" என்று கேட்டான்.

"வேண்டாமுங்க மாப்பிள்ளை. பெரிய ஸ்டேடியத்துல நாம திட்டுனா அவனுக்குக் கேக்குமுங்களா? கேக்காத எடத்துல தொண்டை கிழியத் திட்டி என்ன பிரயோஜனம்? நமக்கு வேண்டியது சின்ன கிரவுண்டு. நாம ஒரு வார்த்தை சொன்னா அவன் திரும்பிப் பாக்கோணும். அதுதானுங்க ஃபுட்பாலு."

ஷீலா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, அப்பாவத் தனியா மட்டும் விட்றாதீங்க. கூடவே போயிட்டு வாங்க." வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்கு நான் அனுபவித்தேன்.

முதல் சிக்கல் பஸ்ஸிலேயே வந்தது. அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. டிரைவரே எல்லாம். எங்கள் ஆள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "கண்டக்டரே இல்லாம ஒரு பஸ் எப்படிங்க சம்பந்தி ஊர் போய்ச் சேரும்?" சேர்ந்தது. ஆனால் அதுவரை அவர் உட்காரவில்லை. வாசலருகே நின்று, ஏறுகிற ஒவ்வொருவரையும் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குது" என்று தமிழில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், எல்லாரும் உள்ளே போனார்கள்.

இப்படி வாரா வாரம் ஒரு மைதானம். ஒன்றில் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே கடல். பந்து விழுந்தால் எடுத்து வர ஒருவர் படகில் தயாராக இருந்தார். இன்னொன்றில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்து, அதை ஓட்டிவிட்டு ஆடினார்கள். பார்க்கிறவர்கள் பத்திருபது பேர், ஒரு நாய், அப்புறம் நாங்கள். எனக்குக் குளிரில் காது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அவர் குல்லாவுக்குள் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார். "போற வழியில அந்தக் கோட்டையையாவது ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமே சம்பந்தி" என்று கெஞ்சுவேன். "கோட்டை எங்கீங்க ஓடிறப் போகுது? ஆட்டம் இன்னிக்குத்தானுங்களே" என்பார்.

கடைசியில் ஒரு மலைக்கிராமத்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. மைதானம் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பனி இறங்கி எதிர் கோலை மறைத்தது. "சம்பந்தி, நம்ம எஸ்டேட் கிரவுண்டேதானுங்க! தேயிலைச் செடி ஒண்ணுதான் கொறை!" என்றார். அன்றோடு ஊர் சுற்றல் நின்றது. அந்தக் கிராமத்து அணிதான் இனி நம் அணி என்று அறிவித்துவிட்டார்.

நம் அணி அந்த வருடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதை எங்களுக்குச் சொன்னது வாசலில் டிக்கெட் கிழித்து, இடைவேளையில் டீயும் ஊற்றுகிற கிழவி. எல்லா ஆட்டக்காரர்களையும் தன் வீட்டுப் பிள்ளைகள் போலத் திட்டுவாள். கண்டக்டருக்கும் அவளுக்கும் பாஷை தேவைப்படவில்லை. அவர் வர்க்கி நீட்டுவார், அவள் டீ நீட்டுவாள். முன்வரிசை ஆட்டக்காரன் ஒரு சிவந்த தலைமுடிக்காரன், குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். கண்டக்டர் அவனுக்குச் செம்பட்டை என்று பெயர் வைத்தார். டீ குடிக்கும்போது அவனை நிறுத்திவைத்து விசிலைக் காட்டி, கையால் ஜாடை செய்து பாடம் நடத்துவார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் நிற்காதே, போ. பெரியவர் மனம் கோணக் கூடாதே என்று அவனும் தலையாட்டுவான்.

ஆனால் விசிலுக்கு அதுவரை வேலையே வரவில்லை. நம் அணி எதிரணியின் கோல் பக்கம் போனால்தானே ஊத வேண்டும்?

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் கடைசி ஆட்டம். இதிலும் ஜெயிக்காவிட்டால் அடுத்த வருடம் அணி கிடையாது, பையன்கள் பக்கத்து ஊர் அணிகளுக்குப் போய்விடுவார்கள் என்று கிழவி என்னிடம் சொன்னாள். சொல்லும்போது டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். நான் அதைக் கண்டக்டருக்குத் தமிழில் சொன்னேன். அவர் வர்க்கியைத் தொடவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. திடீரென்று செம்பட்டை பந்தோடு தனியாகக் கிளம்பினான். எதிரே இரண்டே பேர். என் பக்கத்தில் "பீப் பீப்!" என்று மலையே அதிர்ந்தது.

எதிரணியினர் அப்படியே நின்றார்கள். அவர்கள் கோல்கீப்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவரைப் பார்த்தான். நம் அணியினரும் நின்றார்கள். நிற்காதவன் ஒருவன்தான். செம்பட்டை நேரே போய் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தான்.

கோல் செல்லாது என்று நடுவர் கையை ஆட்டினார். விசில் எங்கிருந்து வந்தது என்று எல்லாத் தலையும் திரும்பியது. கண்டக்டர் முகம் செத்துவிட்டது. நான் தடுப்பதற்குள் மைதானத்துக்குள் நடந்துபோய் நடுவர் கையில் விசிலை வைத்தார்.

"மை மிஸ்டேக் சார். சம்பந்தி, இவருகிட்டச் சொல்லுங்க. தப்புப் பண்ணுனது நானு. என்னைய வெளிய தொரத்தச் சொல்லுங்க. அந்தப் பையன் கோலை மட்டும் குடுத்துறச் சொல்லுங்க."

நான் சொன்னேன். நடுவர் நல்ல மனிதர். தலையை அசைத்தார், ஆனால் இளகவில்லை. வெளியாள் விசிலால் ஆட்டம் நின்றதால், பந்தைத் தரையில் போட்டு நம் அணியின் காலிலிருந்து மறுபடி தொடங்குவதுதான் சட்டம் என்றார். கிழவி திரும்பி டீக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடக் கண்டக்டர் தாங்கியிருப்பார்.

வெளியே வந்தவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்னால பாக்க முடியாதுங்க சம்பந்தி. நீங்க பாத்துச் சொல்லுங்க."

எனக்குக் கால்பந்தில் பந்து உருண்டை என்பது வரை தெரியும்.

"ஒருத்தன் ஓடறானுங்க."

"யாருங்க? நம்மாளுங்களா?"

"நம்ம பக்கமா ஓடி வர்றான்."

"ஐயோ, நம்ம பக்கமா வர்றவன் நம்மாளா இருக்க மாட்டானே! பந்து எங்கீங்க?"

"பந்து... பனிக்குள்ள போயிருச்சுங்க."

"சம்பந்தி, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன், ஒழுங்காப் பாருங்க!"

பார்த்தேன். பனிக்குள்ளிருந்து பந்து உயரமாக வந்தது. எதிரணியின் கோல் முன்னால் ஒரே கால்களும் சேறும். யாரோ உதைத்த பந்து, வழுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்த செம்பட்டையின் முதுகில் பட்டது. முதுகிலிருந்து தரைக்கு. அந்தச் சரிவில் பந்து யாரையும் கேட்காமல் மெதுவாக உருண்டது. கோல்கீப்பர் பாய்ந்தான். அவனுக்கு முன்னால் அது போய்க் கோல் கோட்டைத் தாண்டிவிட்டது.

"கோலுங்க!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. "நம்மாளுதானுங்க சம்பந்தி! நம்ம செம்பட்டை!"

அவர் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே, "நெசமாத்தானுங்களா? நடுவர் குடுத்துட்டாருங்களா?" என்று கேட்டார். குடுத்துட்டாருங்க என்றேன். அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்து குல்லாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கிழவி டீக்கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடி வந்து அவர் தலையைக் கட்டிக்கொண்டாள். சேறும் சகதியுமாகச் செம்பட்டை வந்து எங்கள் மூவர் மீதும் விழுந்தான். எனக்கு முட்டியில் நல்ல அடி.

அந்த ஒரு கோலில் ஜெயித்து அணி பிழைத்தது. இப்போது சனிக்கிழமை தோறும் அருள் அங்கே போய் வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது மாமனார் உத்தரவு. இங்கே குன்னூரில் நான் ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். பந்து கோல் பக்கம் நெருங்கினால் இன்றும் அவருக்குத் தாங்காது. திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுவிடுவார்.

"சம்பந்தி, யாருங்க ஓடறது?"

பனியில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் புரியாது. "நம்மாளுதானுங்க" என்பேன். அந்த முதுகைப் பார்த்தால் எனக்கு வேறெதுவும் சொல்ல வாய் வராது.