இரண்டாம் சரணத்தில் ஒரு தாவல்

வாழ்க விருத்தாசலம்! தென்னார்க்காடு ஜில்லாவின் திரையிசைக்கு யாரும் கேட்காமலே காவல் பூண்ட தனிப்பெருங் காவலன், எந்தத் தெருவில் ஒலிபெருக்கி முழங்கினாலும் முதல் தந்தி அதிர்ந்து அடங்குமுன் அசல் இது, நகல் இது என அறுதியிட்டுரைக்கும் ஆழ்செவியன், திண்டிவனத்து அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவு எழுத்தன், சோற்றுத் தூக்கேந்திய செங்கையன், வாழ்க! பண்ணுக்கும் பாட்டுக்கும் உரிய தெய்வமே, அவ்வீரன் தன் அரியணையை இழந்த வரலாற்றைச் சொல்லப் புகும் இந்த நாவுக்கு நடுவில் சிரிப்பு வராமல் காப்பாயாக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு அது. நாட்டில் அப்போது ஒரு கேடு பரவியிருந்தது. படத்தில் பாடியவர் ஒருவர், பதினைந்து ரூபாய் கேசட்டில் பாடியவர் வேறொருவர். அட்டைமேல் கதாநாயகனும் கதாநாயகியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஓடும் நாடாவிலோ முகமறியா இருவர், மூலப்பாடகர் மூச்சிழுத்த இடத்தில் தாமும் மூச்சிழுத்து, அவருக்கு ஜலதோஷமாயிருந்த பாட்டில் தாமும் மூக்கடைத்துப் பாடி, பாமரர் செவிகளை வஞ்சித்து வந்தனர். இவ்வஞ்சகர்க்கு விருத்தாசலம் எமன். விழுப்புரத்தில் ஒரு சவரக்கடையில் இடக்கன்னம் மழித்து முடிந்து, வலக்கன்னத்தில் நுரை பூசிய வேளையில், கடை டேப்பில் ஓடுவது நகல் என்றுணர்ந்து, துண்டை உதறி எழுந்து வந்துவிட்டான். அதே கோலத்தில் மூன்று நாள் அலுவலகம் சென்றான். மேலதிகாரி அவனோடு இடப்பக்கமாக நின்றே பேசினார் என்பர்.

அன்னவன் வீற்றிருந்த அரியணையின் மாண்பையும் சொல்ல வேண்டும். காலை எட்டு பத்துக்கு விழுப்புரத்தில் புறப்பட்டுத் திண்டிவனம் போகும் தனியார் பேருந்தில், ஓட்டுநர் அப்பாதுரையின் முதுகுக்கு நேர் பின்னே, ஜன்னலோரம், தலைக்கு மேல் ஸ்பீக்கர் அமைந்த முதல் இருக்கை அது. பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே, நிற்பதற்குக் காத்திராமல், கூடவே ஓடி, தன் சோற்றுத் தூக்கை ஜன்னல் வழியே எறிந்து, ஏழாண்டு காலம் ஒரு நாளும் தவறாமல் அந்த இடத்தை வென்றெடுத்தவன் விருத்தாசலம். எறிந்த வேகத்தில் குழம்பு கொட்டிய நாட்கள் உண்டு. இடம் போன நாள் இல்லை. ஏனையோர்க்கு அது இருக்கை. அவனுக்கு அது நீதிபீடம். அங்கமர்ந்து அவன் விரலசைத்தால் பாட்டு ஓடும், உதடு பிதுக்கினால் நிற்கும்.

அசல் என்று அவன் உயிரினும் மேலாய்ப் போற்றிய பாட்டு ஒன்று இருந்தது. எந்தப் படம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. நான்கே நாள் ஓடிய படம். ரேடியோக்காரரும் அதை மறந்தனர். ஆனால் விக்கிரவாண்டியில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் சவுரிராயனிடம் அதன் இசைத்தட்டு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் மஞ்சள் நீராட்டானாலும் அந்த ஒரே தட்டிலிருந்துதான் அப்பாட்டு எழுந்து வந்தது. அதில் இரண்டாம் சரணத்தில் ஓர் அதிசயம் நிகழும். மூன்றாம் அடியில் குரல் ஏணி ஏறுவதுபோல் ஏறி ஏறிச் சென்று, உச்சிப்படியில் கால் வைக்கும் தறுவாயில், பாதிச் சொல்லில், 'டக்' என்று அறுந்து, கணப்பொழுதும் தாமதியாமல் நேரே புல்லாங்குழலில் போய் விழும். இதற்கு 'தாவல்' என்று பெயரிட்டவன் விருத்தாசலம். காதலனின் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிடுவதைக் குறிக்கவே இசையமைத்தவர் அப்படி வைத்தார் என்று அவன் அலுவலகத்துத் தேநீர் வேளைகளில் உரை விரித்தான். அவனுடைய பெண்பிள்ளைகள் இருவரும் அந்த இடத்தில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டக்' என்று வைத்தே அதைப் பாடப் பழகியிருந்தனர்.

இனிப் போர்.

ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், கண்டக்டர் இருதயராஜ் தன் தோல்பையிலிருந்து, உறையிலிருந்து வாளை உருவுவானைப்போல், ஒரு கேசட்டை உருவினான்.

"கிளார்க் சார், புதுசு. நேத்து பாண்டிக்குப் போயிருந்தேன், வாங்கிக்கினு வந்தேன். உங்க பாட்டு கீது இதுல. ஒரிஜினல்!"

வண்டி விழுப்புரத்தைக் கடந்தது. பாட்டு எழுந்தது. பல்லவியில் விருத்தாசலம் கண் மூடினான். முதல் சரணத்தில் தலையசைத்தான். முதல் தந்தி அதிர்வதற்குள் அறியும் அந்தச் செவி அன்று ஏனோ எதையும் அறியாமல், தாளந் தவறாமல் அசைந்து மகிழ்ந்தது. இரண்டாம் சரணம் வந்தது. குரல் ஏணி ஏறிற்று. 'டக்'கென வைக்க விருத்தாசலத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஆயத்தமாய் நின்றது. குரல் உச்சிப்படியை அடைந்தது, அறுபடவில்லை, சொல்லை முடித்து, அடுத்த வரியையும் கூசாமல் பாடத் தொடங்கிற்று.

"நிறுத்து!"

அக்குரல் கேட்டு, வைக்கோல் பாரம் ஏற்றிச் சென்ற ஒரு மாட்டு வண்டி சாலையோரம் ஒதுங்கியது. அப்பாதுரை பிரேக்கை மிதித்தான், பிறகு நிறுத்தச் சொன்னது பாட்டை என்றறிந்து பாட்டை நிறுத்தினான்.

"கேளுங்கள், விக்கிரவாண்டி நோக்கி விரையும் மக்களே! இது நகல்! பொய்க்குரல்! அந்தத் தாவலைத் தாவத் துணிவில்லாத கோழை ஒருவன், பள்ளத்தைக் கண்டு பயந்து, இல்லாத வரி ஒன்றை இட்டு நிரப்பிப் பாலம் கட்டிக்கொண்டு நடந்து போயிருக்கிறான்!"

"இன்னா சார், இவ்ளோ நேரம் தலைய ஆட்டிக்கினு வந்தீங்களே?" என்றான் இருதயராஜ்.

"நானும் பார்த்தேன்" என்றாள் கெங்கம்மாள். வேகவைத்த மல்லாட்டை எனும் வேர்க்கடலைக் கூடையோடு நாள்தோறும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு விற்கப் போகிறவள் அவள். இடம் கிடைக்காமல் இன்ஜின் மூடிமேல் சாய்ந்தே வருகிறவள். "என் கூடையில இடிச்சிக்கினு இல்ல ஆட்டுனாரு."

பின்னிருக்கைகளில் நகைப்பு எழுந்தது. அது வீரன் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. கம்பியைப் பற்றி எழுந்து நின்று அவன் சூளுரைத்தான்:

"தாவல் உண்டென்றால் அசல், இல்லையென்றால் நகல். இதுவே அளவுகோல்! இசையமைத்தவர் அந்தத் தாவலை வைத்தார் என்று நான் நிறுவிவிட்டால், இந்தக் கேசட்டை நீ உன் கையாலேயே சாலையில் எறிய வேண்டும்!"

"நிறுவலன்னா?"

"இந்த ஆசனத்தைத் துறப்பேன்! இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும்!"

"சரி. கெங்கம்மாவுக்கு உட்டுருங்க. ஏழு வருசமா நின்னுக்கினே வருது."

"தந்தேன் வாக்கு!"

"யாரு பாடுனா இன்னாப்பா" என்றாள் கெங்கம்மாள். "எனக்கு முட்டி நோவுது. ஜல்தியா யாராச்சும் ஜெயிங்க."

பந்தயம் கட்டிய மகிழ்ச்சியில், கம்பெனி பெயரைக் காட்டி வெல்வோமென்று, இருதயராஜ் கேசட்டின் அட்டையை உருவி விரித்தான். விரித்தவன் முகம் வெயிலில் வைத்த வாழையிலைபோல் வாடிற்று. அட்டையின் முதுகில், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில், 'பாடியவர்கள்: வேறு குரல்கள்' என்று அச்சாகியிருந்தது. அதாவது நம் வீரன் சொன்னதே மெய். கேசட் நகல்தான். இருதயராஜ் அட்டையை நான்காய் மடித்து டிக்கெட் கட்டுக்கு அடியில் புதைத்தான். வெறும் சட்டைக்காரன் ஒருவன் கவசமணிந்தவனோடு சமாதானம் பேசும் குரலில் சொன்னான்:

"சார், உடுங்க சார். பாட்டுதான? பேஜாரு பண்ணிக்கினு."

"அஞ்சுகிறாய்!" என்றான் விருத்தாசலம்.

அஞ்சத்தான் செய்தான். அந்தக் கணத்தில் வீரன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்றும் அந்த இருக்கை அவனுடையது. ஆனால் வெற்றி கைக்கு எட்டும்போது அதற்குச் சாட்சியும் தேடுவது வீரர் இயல்பு. வண்டி விக்கிரவாண்டியில் நின்றது. கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை ஏற்றிக் கட்டிவிட்டு, தகரப் பெட்டியை மார்போடு அணைத்தபடி, மயிலம் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குச் செட் போடப் போகும் சவுரிராயன் உள்ளே ஏறினான். கடல் நடுவே மரக்கலம் கண்டவன்போல் விருத்தாசலம் இரு கையும் விரித்தான்.

"வந்தான் என் சாட்சி! சவுரிராயா, சபை அறியச் சொல். உன்னிடமுள்ள தட்டில், இரண்டாம் சரணத்தில், அந்தப் பாட்டு தாவுமா, தாவாதா?"

சவுரிராயன் பெட்டியை இறக்கி வைத்தான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு தொண்டையைச் செருமினான்.

"தாவும் சார். நல்லாவே தாவும்."

ஆர்ப்பரித்தது பேருந்து! முரசங்கள் இல்லாத குறையைச் சிலர் இருக்கை முதுகைத் தட்டித் தீர்த்தனர். இருதயராஜ் தலை கவிழ்ந்து, டேப்பின் வாயிலிருந்து கேசட்டைப் பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினான். நீட்டிய கை நீட்டியபடி இருக்கையில், உண்மை பேசும் கெட்ட பழக்கமுள்ள சவுரிராயன் மேலும் சொன்னான்:

"அதனாலதான் அத்த இப்ப போடுறதே இல்ல. கல்யாண ஊட்ல பாட்டு தாவுனா ஆவாதுங்கிறாங்க."

"ஏன் ஆகாது?" என்றான் விருத்தாசலம்.

"கீறல் சார். ரெக்கார்டுல கீறல். ஊசி அந்த எடத்துல ஒரு வரியத் தாண்டிக்கினு போய் உழுது. வாங்குன புதுசுல முழுசாப் பாடினு இருந்துச்சு."

இருதயராஜின் கை, தானாகவே, மெல்ல உள்ளே வந்தது.

"கீறலா?" என்றான் வீரன். "கீறியவன் எவன்? கலையின் கழுத்தை அறுத்த அந்த மூடன் எவன்?"

சவுரிராயன் தயங்கினான். கெங்கம்மாள், "சொல்லித் தொலையேன்யா" என்றாள்.

"எழுவத்தெட்டுல திருவாமாத்தூர் கோயில்ல ஒரு கல்யாணம். செட்டு நம்மளுது. இந்தப் பாட்டு ஓடிக்கினு கீது. மாப்ளைக்குக் குஷி வந்து, தாலி கட்டுன கையோட என்னாண்ட ஓடியாந்து, 'இன்னா பாட்டுய்யா இது'ன்னு முதுவுல ஒண்ணு வச்சாரு பாருங்க... கழுத்து மாலை ஊசிமேல உழுந்து, சர்ருனு ஒரு கோடு."

"யார் அந்த மாப்பிள்ளை?"

"நீங்கதான் சார்" என்றான் சவுரிராயன் மரியாதையாக. "அன்னிக்கே சொல்லலாம்னு பார்த்தேன். மாப்ளையாச்சேன்னு உட்டுட்டேன்."

பெருமரம் சாய்வதைக் கண்டவர் உண்டு. கோட்டை இடிவதைக் கண்டவர் உண்டு. தான் எட்டாண்டு காலம் போற்றிய அதிசயம் தன் கழுத்துச் சம்பங்கி மாலையின் திருவிளையாடல் என்று ஒரு மனிதன் அறிந்துகொள்வதை அன்று நாற்பத்தெட்டுப் பேர் கண்டனர். விருத்தாசலம் எழுந்தான். சோற்றுத் தூக்கை எடுத்தான். "சார், ஒக்காருங்க சார், நான் சும்மா சொன்னேன்" என்று இருதயராஜ் பதறினான். டிக்கெட் கட்டுக்கு அடியில் அந்த அட்டை அவன் விலாவைக் குத்திக்கொண்டிருந்தது. வாக்குத் தவறாத வீரனோ ஒதுங்கி வழிவிட்டான்.

"அமர்க, அம்மணி!"

கெங்கம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்து, ஏழாண்டு நீண்ட பெருமூச்சொன்றை விட்டாள்.

மயிலத்துக்குப் பாதை பிரியும் கூட்டேரிப்பட்டில் சவுரிராயன் இறங்கிப் போனான். வண்டி மீண்டும் நகர்ந்தபின், கம்பியில் தொங்கிய விருத்தாசலம் தாழ்ந்த குரலில் கேட்டான்: "இருதயராஜ், அந்த வரியை இன்னொரு தபா போடேன்." ஏழாண்டில் அவன் அந்தப் பேருந்தில் கேட்டுப் பெற்ற முதல் பாட்டு அது. அதுவரை அவன் ஆணையிட்டுத்தான் பெற்றான்.

பாட்டு எழுந்தது. குரல் ஏணி ஏறியது. இம்முறை அவன் நாக்கைத் தட்டவில்லை. உச்சிப்படியில் கால் வைத்த குரல், அவன் திருமண நாளில் பாடத் தொடங்கி இத்தனை காலம் முடிக்கவிடாமல் போன வரியை, நிதானமாய் முடித்தது:

'உன் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் தருவாயோ...'

விருத்தாசலத்தின் கண்கள் பனித்தன. தொங்கிய நிலையிலும் ஒரு கையை உயர்த்தி, ஆழ்செவியன், அறுதியிட்டுரைப்பவன், தன் கடைசித் தீர்ப்பை வழங்கினான்: "அசல்! ஐயமற்ற அசல்! இந்த வரியை இப்படிப் பாட, மூலப்பாடகனைத் தவிர மண்ணில் எவனால் முடியும்!"

இருதயராஜ் ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும்!" என்றான் விருத்தாசலம். "மறுபடியும் அதே வரி!"

"அப்பாதுரை, அத்த நிறுத்துப்பா" என்றாள் கெங்கம்மாள், தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரைக் காட்டி. "காதாண்டயே கத்துது. இந்த எடத்துல எப்டித்தான் ஒக்காந்துக்கினு வந்தாரோ."

அப்பாதுரை பாட்டை நிறுத்தினார். கெங்கம்மாள் தூங்கிவிட்டாள். விருத்தாசலம் திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே போனார்.