ஒரே இதயத்துக்கு இரண்டு ஆசிரியர்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம், அதாவது தனித்தனி அறையில் நலம். உன் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் கீழே நான் உடற்கூறு நடத்துவதும், மேல்மாடியில் உன் அக்கா உடலியங்கியல் நடத்துவதும் உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே நடுவில் மாடிப்படி இருந்ததால்தான். இப்போது ஒருங்கிணைந்த பாடத்திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. இதயம் என்றால் அதன் அமைப்பு, இயக்கம், நோய், மருந்து எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்த வேண்டுமாம். முதல்வர் எங்களை ஜோடி சேர்த்துவிட்டு, "நீங்க வீட்லயே பேசி முடிச்சிடலாமே, மீட்டிங் மிச்சம்" என்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

வீட்டில் பேசினோம். முதலில் நாலு அறை, அப்புறம்தான் துடிப்பு என்றேன் நான். "துடிக்காத இதயத்தை வச்சு என்ன பண்றது, அலமாரியில வைக்கவா?" என்றாள். சாப்பாடு ஆறிப்போச்சு, பாடம் ஆரம்பிக்கல. மறுநாள் வகுப்புல நான் பொம்மை இதயத்தைப் பிரிச்சுக் காட்டிட்டிருக்கேன், "வெறும் சுவரைக் காட்டாதீங்க, உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுங்க"ன்னு குறுக்கே வந்துட்டா. மருந்தியல் பேராசிரியர் தன் முறைக்காக வாசல்ல நின்னு நின்னு டீ குடிக்கப் போயிட்டார். ஒரு மாணவி எழுந்து, "சார் ஒண்ணு சொல்றார், மேடம் ஒண்ணு சொல்றாங்க, பரீட்சையில எதை எழுதணும்?"னு கேட்டா. ரெண்டு பேரும் ஒரே குரல்ல "நான் சொன்னதை"ன்னோம். அந்த ஒரு இடத்துலதான் பாடம் ஒருங்கிணைஞ்சுது.

இதோட விட்டாளா? நேத்து நான் படியேறி வந்து மூச்சு வாங்கிட்டு நிக்கறேன், அத்தனை பிள்ளைங்க முன்னாடி என் மணிக்கட்டைப் பிடிச்சு, "பாருங்க, உதாரணமே நடந்து வருது"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அவ முகம் மாறிப்போச்சு. கையை விடாம, "நடுநடுவுல துடிப்பு தவறுதே, எத்தனை நாளா இப்படி?"ன்னு மெதுவா கேட்டா. வகுப்பை அப்படியே விட்டுட்டு இதய மருத்துவர்கிட்ட இழுத்துட்டுப் போனா. வழியெல்லாம் கையை விடல. பெருசா ஒண்ணுமில்லையாம், ஒரு மாத்திரை போதுமாம். நிம்மதியானதும் என்ன செஞ்சா தெரியுமா? என் இசிஜியையே இன்னிக்குப் பாடமா வச்சு நடத்திட்டா! பிள்ளைங்களுக்கு இப்பதான் இதயம் புரிஞ்சுதாம். என் மானம் போச்சு.

ஆகவே, நீ பக்குவமாகப் பேசி, அடுத்த பாடத்துக்கு என்னை விட்டுவிடும்படி அவளிடம் சொல். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. அவர்கள் மருத்துவம் படிக்கட்டும், நடத்த வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இப்பதான் சொன்னா, நுரையீரல் பாடத்தை அவளோட சேர்ந்து நடத்தப்போறது மருந்தியல் பேராசிரியராம். ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசியே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டாங்களாம். அதெப்படி? மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போடு. நாங்க சண்டை போடாம எந்த உறுப்பும் அந்தப் பிள்ளைங்களுக்குப் புரியாது. உடனே அவளுக்குப் போன் பண்ணு.