மட்கார்டு சுத்தமா?

கூடலூரில் பிறந்தவர்களில், மனிதருக்கும் ஜீப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் எங்கப்பாதான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஊருக்கு அவர் 'வாட்டர் சர்வீஸ்'. குமுளி மலையிலிருந்து சேறு பூசிக்கொண்டு இறங்கும் ஜீப்புகளைக் கழுவிக் கொடுப்பது தொழில். கல்யாண வீட்டில்கூட யார் முகத்தையும் பார்க்க மாட்டார். காலைப் பார்த்துவிட்டு, "இவுக எந்த ரோட்டுல வந்தாக?" என்று என்னிடம் கேட்பார்.

அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அதன்பின் என்னைக் குளிப்பாட்டியது அவர்தான். எனக்கு ஐந்து வயது நடக்கும்போது வடுகபட்டியிலிருந்து அத்தை வந்து குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏலே, பொம்பளப் பிள்ளைய ஆம்பள எம்புட்டு நாளைக்குலே குளிப்பாட்டுவ? தைப்பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள இது தானாக் குளிக்கப் பழகல, எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன்."

 அன்று அப்பா ஒரே ஜீப்பை மூன்று தரம் கழுவினார். ஜீப்காரர் பயந்துபோய்விட்டார்.

மறுநாள் என்னை ஒரு ஜீப்பின் முன்னால் நிறுத்திப் பாடம் ஆரம்பித்தார்.

"பாத்துக்க ஆத்தா. எப்பவும் மேல இருந்து கீழ. டயரக் கழுவிட்டு டாப்புக்குப் போனா, அழுக்கு திரும்ப டயருக்குத்தான வரும்?"

தலை டாப். கண் ஹெட்லைட். கால் டயர். காது மட்கார்டு, ஏனென்றால் சேறு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். சோப்பு வழுக்கி ஓடியதால் அதில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினார். முதுகு எட்டவில்லை என்றேன். பீர்க்கங்காய் நாரின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, மோர் கடைவதுபோல் இழுக்கச் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் தகரத் தடுப்பு, வாசலுக்குப் பழைய ஜீப் படுதா. அதுதான் எங்கள் குளியலறை. வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, வெளியே முதுகைக் காட்டி நின்றுகொள்வார். நான் வழுக்கி விழுந்தால் தெரிய வேண்டுமே! அதற்கும் ஒரு சட்டம் போட்டார். வாய்தான் ஹார்ன். குளித்து முடிக்கும் வரை நிற்காமல் அடிக்க வேண்டும்.

"பாம் பாம்" என்று நான் கத்துவது தெருமுனை வரை கேட்கும். குமுளி வண்டி வந்துவிட்டதென்று ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகக்கூடச் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் தன் காதைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"மட்கார்டு டீச்சர்."

அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஈரக் கைலியோடு வந்து நின்றவர் முழுக்க விசாரித்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "சரியாத்தான சொல்லிருக்கு? சேறு அங்கனதான டீச்சர் நிக்கும்?" டீச்சரின் கை தானாகத் தன் காதின் பின்னால் போயிற்று.

பொங்கலுக்கு முந்தின நாள் அத்தை வந்தாள். என் துணிகளை அடுக்கிக்கொண்டு போகக் காலி டிரங்குப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். நான் படுதாவுக்குள் போனேன். வெளியே இருவரும் நின்றார்கள். டாப் முடிந்தது, ஹெட்லைட் முடிந்தது, ஹார்ன் ஜோராக அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றுவிட்டது.

"அய்யய்யோ, பிள்ள விழுந்துருச்சு!" என்று அத்தை படுதாவைப் பிடித்தாள்.

"உள்ள போகாதக்கா!" அப்பா குறுக்கே கையை நீட்டினார். "அது செஞ்சுரும். செத்த பொறு."

அந்தக் குரல் நடுங்கியது எனக்கு உள்ளேயே கேட்டது. ஆனால் நான் என்ன செய்வேன்? நனைந்த கயிறு கையில் வழுக்கியதால், ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றைத் துப்பிவிட்டு, என் வாழ்நாளிலேயே பெரிய ஹார்னை அடித்தேன்.

பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் அத்தை என் காதை மடக்கிப் பின்பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ம்ம்... மட்கார்டு சுத்தமாத்தாம்லே இருக்கு" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொங்கல் முடிந்து பெட்டி காலியாகவே வடுகபட்டிக்குத் திரும்பிப் போனது.

அதற்கடுத்த வாரமே எனக்குப் பெரிய மனுஷி என்ற நினைப்பு வந்துவிட்டது. "நீ போப்பா, அங்கன வண்டி நிக்கிது" என்று விரட்டினேன். போனார். ஆனால் வீட்டுக்கு முன்னால் கழுவ வந்து நின்ற ஜீப்பில் ஏறி ஒரு ஹார்ன் அடித்தார். நான் உள்ளேயிருந்து பதில் அடித்தேன். அதன்பின் தினமும் அப்படித்தான். ஆறேழு வருஷம் நடந்தது.

பிறகு வெட்கம் வருகிற வயது வந்தது. தோழிகள் கேலி செய்தார்கள். ஒருநாள் காலை ஹார்ன் கேட்டது. நான் பதில் அடிக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டது. சோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாளிலிருந்து அவர் அடிக்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. இப்போது என் குளியலறையில் வழுக்காத தரை, உள்பக்கம் தாழ்ப்பாள் எல்லாம் இருக்கின்றன. கதவைச் சாத்தியதும் மெதுவாக ஒருமுறை அடிக்கிறேன். நான் தொண்டையைச் செருமுவதாக வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள்.

பாம் பாம். நான் விழவில்லையப்பா, குளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.