மௌன சாமி நிறுத்திய குறட்டை

மௌன சாமி பேசாத சாமி அல்ல. அவர் வாயை மூடினால் வியாபாரம் படுத்துவிடும். மற்றவர்களின் குறட்டையை நிறுத்துகிறார் என்பதால் அந்தப் பெயர். மரச்சாமான் கடைக்கு மேலிருந்த கூடத்தில் மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. மதியச் சாப்பாடு முடித்த பக்தர்கள் அவற்றில் மல்லாந்திருந்தார்கள். குடும்பத்தார் சுற்றி நின்று குறட்டையைப் பயபக்தியோடு கேட்டார்கள். வீட்டில் அதே குறட்டைக்குத் தலையணையால் அடித்தவர்கள்தான்.

சாமியின் கண்டுபிடிப்பு எளிது. குறட்டை என்பது தொண்டையில் உட்கார்ந்த பிசாசு. சாமி வெள்ளிப் பிரம்பைக் கழுத்தருகே நீட்டிக் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் குறட்டை பட்டென்று நிற்கும். கூட்டம் கைதட்டும். பிறகு படுத்திருப்பவர் 'ஹ்ர்ராக்' என்று திணறிக் காலை உதறுவார். "அதோ ஓடுது," என்பார் சாமி. மறுபடி கைதட்டல். பிசாசு உடனே திரும்பிவிடும். அதற்கு அடுத்த வாரம் வர வேண்டும்.

தையல்காரி ஒருத்தி அங்கே வந்தது நாத்தனார் புண்ணியத்தில். தையல்காரியின் கணவர் பேருந்து ஓட்டுநர். சிக்னலில் ஸ்டியரிங் மேல் தூங்கி, பயணிகளால் எழுப்பப்பட்டவர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லி, முகமூடி வழியே காற்று ஊதும் இயந்திரம் ஒன்றைக் கொடுத்தார் டாக்டர். அதன் வேகம் தாங்காமல் வயிறு உப்பி, மனிதர் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். பிறகு பல் டாக்டர், கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பல்கவசம் செய்துகொடுத்தார். தாடை நகர்ந்தது, தொண்டை வழிவிட்டது, இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்க முடிந்தது. இரண்டும் சேர்ந்துதான் அவரைத் தூங்க வைத்தன. வண்டி ஓட்டும்போது விழித்திருக்கவும் வைத்தன.

சாமிக்கு இது பொறுக்கவில்லை. "ஒண்ணு பிசாசை உள்ள தள்ளுது. இன்னொண்ணு வெளிய வரவிடாம வாசலைப் பூட்டுது. ரெண்டையும் வை, உடைச்சுடலாம்."

"உடைங்க சாமி. நான் என்ன, காலம் பூரா மூஞ்சியில தும்பிக்கையோட படுக்கணுமா?" என்று ஓட்டுநர் மெத்தையில் ஏறிவிட்டார்.

"என்னங்க, வேணாங்க," என்று தையல்காரி சொல்லி முடிப்பதற்குள் குறட்டை கிளம்பிவிட்டது. இயந்திரமும் பல்கவசமும் சாமியின் சுத்தியல் பக்கத்தில் காத்திருந்தன.

சாமி பிரம்பை நீட்டினார். குறட்டை நின்றது. கைதட்டல்.

"எவ்வளவு அமைதி பாருங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

தையல்காரிக்கு அந்த அமைதியைத் தெரியும். அவள் அப்பா ஒரு மத்தியானம் அப்படித்தான் அமைதியானார். இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறாரே என்று வீட்டில் எல்லோரும் சத்தமில்லாமல் நடந்தார்கள். தேநீர் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

உடையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் கணவரின் மூக்கருகே பிடித்தாள். நூல் அசையவில்லை.

"சாமி, இங்க நின்னது குறட்டை இல்ல. மூச்சு."

ஓட்டுநர் திணறி மூச்சை இழுத்தார். நூல் மீசையில் போய் ஒட்டிக்கொண்டது.

சாமி சளைக்கவில்லை. "பிசாசு போறப்ப மூச்சைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும்மா. உடம்புக்கு ரொம்ப நல்லது."

"நல்லதுன்னா நாமளும் செய்வோமே. அடுத்த தடவை அவர் அடங்கினதும் எல்லாரும் மூக்கையும் வாயையும் பொத்திக்கலாம். அவர் மூச்சு விட்டாதான் நாமளும் விடணும். சாமியும்தான்."

புதுப் பரிகாரம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். குறட்டை நின்றதும் எல்லோரும் பொத்திக்கொண்டார்கள். கன்னங்கள் உப்பின. கண்கள் பிதுங்கின. முன்வரிசை படபடவென்று மூச்சை விட்டது. நாத்தனார் நிலத்தை உதைத்துவிட்டு வாயைத் திறந்தாள். கடைசியில் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்த சாமி, பிரம்பைக் கீழே போட்டு, 'ஹ்ர்ராக்' என்று காலி மெத்தையில் விழுந்தார்.

ஓட்டுநர் இன்னும் மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. "அண்ணா, எழுந்திரு," என்று நாத்தனார் பாய்ந்து அவரை உலுக்கினாள். அவர் துடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"பிசாசு போயிடுச்சா?"

"இன்னும் இல்ல," என்றாள் தையல்காரி. "அந்த மெத்தையில மூச்சு வாங்கிட்டிருக்கு."

நாத்தனார் இயந்திரத்தையும் பல்கவசத்தையும் அள்ளி அண்ணன் மடியில் வைத்தாள். மற்றவர்கள் சாமியைச் சூழ்ந்து, அவர் முன்பு உடைத்த தங்கள் இயந்திரங்களுக்குக் கணக்குக் கேட்டார்கள். அன்றுதான் அவர் உண்மையிலேயே மௌன சாமி ஆனார்.

கைதட்ட இரண்டு கையும் வேண்டும். மூச்சு வருகிறதா என்று பார்க்க ஒரு விரல் போதும். முதலில் அந்த விரலை வைத்துப் பாருங்கள். கைதட்டலுக்கு என்ன அவசரம்?